சீனி டொக்டருக்கு வணக்கம் சொல்லாதீர்கள்

பல் டொக்டரைக் கண்டால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். என்னைக் கண்டால் ஆளே மறைந்துவிடுவார். ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறேன். அளவுக்கு மீறி எடை போட்ட பிள்ளைகளும், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த பிள்ளைகளும் என் பங்கு. இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு நான் 'சீனி டொக்டர்'. என் சொந்தப் பெயரை ஊரில் பாதிப்பேர் மறந்து பதினைந்து வருடமாகிறது.

நீங்களும் ஏதோ ஒரு தொழிலில் மாட்டிக்கொண்டவர்தானே, உங்களுக்குப் புரியும். வாத்தியாராக இருந்தால் கலியாண வீட்டிலும் பிள்ளைகள் உங்களைக் கண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். முடி வெட்டுகிறவராக இருந்தால் பஸ்சிலும் மற்றவர் தலையைத்தான் பார்ப்பீர்கள். எனக்கு இன்னொரு கோளாறும் உண்டு: ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. விருந்துக்குப் போனால் சின்னப் பிள்ளைகளின் கையிலிருக்கும் சோடாப் போத்தல்களை எண்ணிக்கொண்டே இருப்பேன். கால் தானாக ஆடும். என் கணவர் மேசைக்குக் கீழே தன் காலால் மிதித்து நிறுத்துவார். "இண்டைக்கு உமக்கு லீவு" என்பார். லீவு எனக்குத்தான், போத்தல்களுக்கு இல்லையே.

ஒரு தரிப்பு முன்னால்

நான் தொங்கு ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு மழைநாள் காலையில் கௌரி நான் இருந்த பெட்டியில் ஏறினார், கூட இன்னொரு தமிழ்ப் பெண். கௌரியின் மகள் அபிக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வருடமாக என்னிடம் வருகிறாள். அவளுக்கு வந்தது இனிப்புத் தின்று வந்த வருத்தமல்ல. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இனி ஆயுள் முழுக்க ஊசி. இதைக் கௌரிக்கு இருபது தரமாவது சொல்லியிருப்பேன்.

வாய் தவறி 'வணக்கம்' என்றுவிட்டேன். கௌரி என்னைக் காணாதவர் போல யன்னலைப் பார்த்தார். அடுத்த தரிப்பில் தோழியையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் வேலை செய்யும் பேக்கரி அதற்கும் அடுத்த தரிப்பில் இருப்பது எனக்குத் தெரியும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவருக்கு என்னிடம் டெர்மின், முன்கூட்டியே குறித்த நேரம். வந்து உட்கார்ந்தபோது சப்பாத்து இன்னும் காயவில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். பக்கத்தில் அபி ஃபோனில் விளையாடிக்கொண்டிருக்க, கௌரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்களோட கதைச்சாலே பிள்ளைக்கு வருத்தம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவினம் டொக்டர். நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேண்டாமோ?"

கணக்கில் வராத சாப்பாடு

எடை கூடிய பிள்ளை வந்தால் முதலில் ஒரு கொப்பியைக் கொடுப்பேன். இரண்டு கிழமைக்கு என்ன சாப்பிட்டாலும் அதில் எழுத வேண்டும். மன்னாரிலிருந்து வந்த ஒரு அண்ணை தன் ஒன்பது வயது மகனுக்காக எழுதிய கொப்பியைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. முத்து முத்தான எழுத்து. காலை ஒரு துண்டுப் பாண், மத்தியானம் பாடசாலைச் சாப்பாடு, பின்னேரம் ஒரு அப்பிள், இரவு கீரையும் பருப்பும். இப்படிச் சாப்பிடும் பிள்ளை மெலிந்து போயிருக்க வேண்டும். அவனோ இரண்டு கிழமையில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தான்.

எனக்கு மண்டை வெடித்தது. தராசை மாற்றினேன். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சுரப்பிகளில் ஏதும் கோளாறோ என்று தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கொப்பியைத் திரும்பப் புரட்டியபோதுதான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது.

"சனிக்கிழமை என்ன நடந்தது அண்ணை?" என்றேன். ஒரு பிறந்தநாள் விழா என்றார். ஞாயிற்றுக்கிழமை? பூசை முடிய எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. அதற்கு முந்திய சனி? ஒரு கலியாணம். அங்கெல்லாம் மகன் ஒன்றும் சாப்பிடவில்லையா? "ஏன் இல்லை, வடிவாச் சாப்பிட்டவன். கேக், பற்றீஸ், பிரியாணி, எல்லாம்" என்றார் பெருமையோடு. பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார்: "அது எங்கட சாப்பாடு இல்லையே டொக்டர். அவையள்ட சாப்பாடு."

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு வரைபடம்

எழுதாதவர்களால் ஒரு தொல்லை என்றால், எழுதித் தள்ளுகிறவர்களால் இன்னொரு தொல்லை. கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை பார்க்கும் ஒரு இந்தியத் தமிழர், தமிழில் பேசும் டொக்டர் வேண்டும் என்று லீவு போட்டுவிட்டுக் காரோட்டி வந்தார். ஏழு வயது மகள். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "டாக்டர், இது ஆறு மாச டேட்டா. மார்னிங் வெயிட் ப்ளூ, ஈவினிங் வெயிட் ரெட்." திரையில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் மேலும் கீழும் ஓடின. பிள்ளையைக் காலையும் மாலையும் தராசில் ஏற்றியிருக்கிறார்.

பிள்ளைக்குக் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. மடிக்கணினியை நானே மூடினேன். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் இங்கே மட்டும் எடை பார்த்தால் போதும், தராசை நிலவறையில் வைத்துவிடுங்கள் என்றேன். மனிதர் தவித்துப் போனார். "அப்போ டெய்லி நான் எதை மானிட்டர் பண்றது டாக்டர்?" என்றார். அவர் சட்டையின் கடைசி இரண்டு பொத்தான்களும் எப்போது தெறிக்கலாம் என்று காத்திருந்தன. மகள் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நீங்க ஏறிப் பாருங்களேன்."

காது

சீனி வருத்தம் உள்ள பிள்ளைக்குச் சீனி கூடினால் மெதுவாகத்தான் கெடுதல். குறைந்தால் உடனே ஆபத்து. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அப்படி நடக்கும். கை நடுங்கும், வியர்க்கும், நாக்குத் தடிக்கும், கடைசியில் மயங்கி விழும். அந்த நேரத்துக்கு மருந்து, நான் ஊரெல்லாம் திட்டித் திரிகிற அதே சீனிதான். ஒரு குவளை இனிப்புச் சாறு போதும். ஆனால் வகுப்பில் இருபத்தைந்து பேருக்கு முன்னால் 'எனக்குச் சீனி குறையுது' என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கம்.

எங்கள் பிரிவில் முப்பது வருடமாகத் தாதியாக இருக்கும் பிராவ் ஹென்னிங்கும் நானும் அதற்கொரு வழி கண்டுபிடித்தோம். சீனி குறைவது போல இருந்தால் பிள்ளை இடது காதை இழுக்க வேண்டும். ஆசிரியர் ஒன்றும் கேட்காமல் சாறு கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். அபி அதைவிடச் சுலபமாகப் பிடித்துக்கொண்டு, கணக்குச் சோதனையில் நாலாம் கேள்வி வந்ததும் காதை இழுத்திருக்கிறாள்.

அவளைப் பிடித்துத் திட்ட நான் எழும்பினேன். நான் எதற்கும் எழும்பிவிடுகிற ஆள். பிராவ் ஹென்னிங் என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இருத்தினார். அவர் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "காதை இழுத்தால் முதலில் சாறு. பொய்யா உண்மையா என்று பிறகு கேட்கலாம்."

ஒரே கை, ஒரே இடம்

அபி பெரியபிள்ளையானாள். கௌரியும் கணவரும் சாமத்தியவீடு என்கிற பூப்பு நீராட்டு விழா செய்ய மண்டபம் எடுத்தார்கள். ஐந்நூறு பேர், இரண்டு வீடியோ, மூன்று சீலை மாற்றல். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது தப்பாது.

அபியின் மேற்கையில் ஒரு சென்சர் ஒட்டியிருக்கும், இரண்டு யூரோ நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. சீனி ஏறுவதையும் இறங்குவதையும் ஃபோனுக்குச் சொல்லும், குறைந்தால் கத்தும். சீலை கட்டி நகை போடும்போது மேற்கையில் வங்கி என்ற நகை போடுவார்கள் அல்லவா, அதற்கும் அதே இடம். வீடியோவில் சென்சர் தெரியும் என்பது கௌரியின் கவலை. டெர்மினுக்கு வந்தபோது மெல்லக் கேட்டார்: "ஒரு நாளைக்கு மட்டும் கழட்டி வைச்சால் ஏலாதோ டொக்டர்?"

இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே கோள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல டொக்டர் என்றால், சென்சரை ஒட்ட வேறு இடம் இருக்கிறதா பார்ப்போம், கழற்றத்தான் வேண்டுமென்றால் மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார். அன்று எனக்கு வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். நான் வெடித்தேன். பிள்ளை முக்கியமா வீடியோ முக்கியமா என்றேன். வங்கி போடாவிட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்றேன். அபி நிலத்தைப் பார்த்தாள். கௌரி கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்தார். ஊரில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் கொடுக்காவிட்டால் அதுவே கதையாகிவிடும் அல்லவா. எழும்பும்போது சொன்னார்: "ஓம் டொக்டர், நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டு வையுங்கோ. வாங்கோ. ஆனா எங்களைத் தெரிஞ்ச மாதிரி நிக்காதேங்கோ."

நாலாம் வரிசை

போனேன். நாலாம் வரிசையில் தெரியாத மாதிரி இருந்தேன். மேளம் முழங்க அபியை அழைத்து வந்தார்கள். சிவப்புக் கூறைச் சீலை, கழுத்து நிறைய நகை, இரண்டு மேற்கையிலும் வங்கி. சென்சர் இல்லை. என் கால் ஆடத் தொடங்கியது. கணவர் மிதித்தார். இந்த முறை நிற்கவில்லை.

நிகழ்ச்சி ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது. தண்ணீர் வார்க்க வேண்டிய தாய்மாமன் லண்டனிலிருந்து வந்த விமானம் பிந்திவிட்டது என்று பின்வரிசையில் கதைத்தார்கள். இப்போது மேடையில் ஒவ்வொரு சோடியாக ஏறி ஆராத்தி எடுத்தார்கள். வீடியோக்காரர் ஒவ்வொரு சோடியையும் மூன்று தரம் சிரிக்க வைத்தார். அபி கையைத் தூக்கி இடது காதைத் தொட்டாள். தோடு பாரமாக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நான் அப்படி நினைக்க விரும்பினேன். எழும்பினால் கௌரியின் ஒரு வருட ஒளிப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நோயாளியின் கதையை வெளியே காட்டாமல் இருப்பதும் என் தொழில். சரி, இன்னொரு சோடி போகட்டும் என்று இருந்தேன்.

இன்னொரு சோடி போயிற்று. அபி மறுபடியும் காதைத் தொட்டாள். "தங்கச்சி, கையை இறக்குங்கோ, தோடு மறைக்குது" என்றார் வீடியோக்காரர். அவள் இறக்கினாள். நெற்றிப் பவுடருக்கு மேலால் வியர்வை முத்துவிட்டது. பிறகு அவள் கண் வரிசை வரிசையாகத் தேடி, நாலாம் வரிசையில் என்னிடம் வந்து நின்றது. மூன்றாம் தரம் காதைத் தொடவில்லை. பிடித்து இழுத்தாள்.

மிச்சத்தைக் கால்கள்தான் செய்தன. போகிற வழியில் பிள்ளைகளின் மேசையிலிருந்து ஒரேஞ் சோடா ஒன்றைப் பறித்தேன். 'இந்தச் சனியனை விழாக்களில் வைக்காதீர்கள்' என்று நான் மூன்று சங்கங்களில் பேசியிருக்கிறேன், அதே சோடா. மேடையேறி, ஆராத்தித் தட்டோடு நின்ற சோடியை விலக்கி, போத்தலை அபியின் வாயில் வைத்தேன். லிப்ஸ்டிக் கலைந்து நாடியில் வழிந்தது. அவள் கை நடுங்கியதில் பாதிச் சோடா கூறைச் சீலையில். முன்வரிசை எழும்பி நின்றது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். வீடியோக்காரர் மட்டும் கமெராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "டொக்டர் அன்ரி, கொஞ்சம் இடப்பக்கம் நில்லுங்கோ. போத்தல் மறைக்குது."

திரைக்குப் பின்னால்

அபியை மேடைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு மீற்றர் கிடக்கும். விரலில் குத்திப் பார்த்தேன். சோடா உள்ளே போன பிறகும் நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. மேடையேறும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு விருப்பமில்லை.

கௌரி ஓடி வந்தார். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். காலையில் இடியப்பத்துக்கென்று கணக்குப் பண்ணி இன்சுலின் போட்டிருக்கிறார். பிள்ளை சாப்பிட உட்கார, அலங்காரம் செய்ய வந்த பெண் உதட்டுக்குப் பூசியாயிற்று, இனி ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்றிருக்கிறாள். மேடையில் ஆராத்தி முடிந்ததும் பாலும் பழமும் கொடுப்பார்கள்தானே என்று கௌரி விட்டுவிட்டார். அதற்குள் மாமனின் விமானம் பிந்தியது. சென்சர் இருந்திருந்தால் ஃபோன் கத்தியிருக்கும்.

எனக்குத் திட்ட நிறைய இருந்தது. ஆனால் நானும்தானே இரண்டு சோடி போகும் வரைக்கும் கதிரையில் இருந்தேன். எனக்கு இன்றைக்கும் அது வெட்கம். "என்னில கோவிக்காதேங்கோ, அண்டைக்கு நானும் ஒழுங்காச் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னேன். கௌரி மகளின் நாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தபடி அழுதார். "எல்லாரும் கண்டிட்டினம்" என்றார். சோடா வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அபி இரண்டு வங்கியையும் கழற்றித் தாயின் மடியில் வைத்தாள்: "கண்டால் காணட்டும் அம்மா. எனக்குப் பசிக்குது."

இரண்டாம் சீலை

முதலில் ஒரு தட்டு இடியப்பம். பிறகு, கௌரியின் கைப்பைக்குள் புதுச் சென்சர் ஒன்று இருந்தது. கழற்றி வைத்தாரே தவிர, பாவம், கூடவே கொண்டுவந்திருக்கிறார். அதை இடது மேற்கையில் ஒட்டினோம். வேலை செய்யத் தொடங்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். சனம் சாப்பிட்டு முடிக்க அதுவும் சரியாக இருந்தது. வங்கி ஒன்றை எங்கே போடுவது என்று அலங்காரப் பெண் கேட்டாள். வலது கையில் மட்டும் போடு என்று கௌரியே சொன்னார்.

பச்சைச் சீலையில் அபி திரும்ப மேடைக்கு வந்தபோது மண்டபத்தில் ஐந்நூறு தலையும் அந்த இடது கைக்குத்தான் திரும்பின. முதலில் ஏறிய அன்ரி ஒருவர் ஆராத்தித் தட்டைச் சுற்றுவதை மறந்து உரக்கவே கேட்டுவிட்டார், கையில் அதென்ன பிள்ளை என்று. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. கௌரி மேடையோரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அபியின் பதில் மண்டபம் முழுக்கக் கேட்டது: "சென்சர் அன்ரி, எனக்குச் சீனி வருத்தம். உங்களுக்கும் பாக்கவேணுமெண்டால் டொக்டர் நாலாம் வரிசையில இருக்கிறா."

அதே தொங்கு ரயில்

அடுத்த மாதம் ரயிலில் கௌரி ஏறினார், அதே தோழியோடு. நான் பழக்கதோஷத்தில் யன்னலைப் பார்த்தேன். கௌரி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "வணக்கம் டொக்டர்" என்றார், பெட்டி முழுக்கக் கேட்க. கலியாணக் கவலை போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, அது இருக்கிறதுதான் என்றார். எனக்கும் அதற்கு மருந்து தெரியாது. தங்கள் தரிப்பு வரும் வரைக்கும் இருவரும் இருந்தார்கள். இறங்கும்போது அந்தத் தோழி கௌரியை முன்னால் விட்டுவிட்டு என் காதோடு சொன்னார்: "என்ர மகனுக்கும் மூண்டு வருசமா அதுதான் டொக்டர். டோர்ட்முண்டில காட்டுறன். உங்களிட்ட வந்தால் கௌரி கண்டிடுவா எண்டு பயந்துதான்."

இதையெல்லாம் எழுதலாமா என்று தாயிடமும் மகளிடமும் கேட்டேன். பெயர்களை மாற்றச் சொன்னார் கௌரி, மாற்றியிருக்கிறேன். அபி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் கணக்குச் சோதனைக் கதையை மட்டும் விடுங்கோ." மன்னிக்க வேண்டும் அபி.

முன்பு என்னைக் கண்டால் பிள்ளையை ஒளித்தவர்கள், இப்போது விழாக்களில் பிள்ளையை முன்னால் தள்ளிக் காட்டிவிட்டு, ரோல்ஸ் தட்டை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்கள். பதினைந்து வருட வைத்தியத்தில் நான் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான்.